கேட்கிற ஆளை மாற்றிப் பார்த்த பகல்

இன்று காலை கிளினிக்கில் இரத்தம் எடுக்க வந்த தாதி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் என் கையைத் தேய்த்தாள். தோல் குளிர்ந்தது, மணம் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு ஊசி குத்தியதே எனக்குத் தெரியவில்லை. "உம்மா, நோகுதா?" என்று அந்தப் பிள்ளை பதறிக் கேட்டபோதுதான் என் கண் கலங்கியிருப்பது எனக்கே தெரிந்தது. "இல்ல மகள், ஒண்டுமில்ல" என்றேன். அவளுக்கு அது ஆஸ்பத்திரி மணம். எனக்கு அது உங்கள் வேலை மேசையின் மணம் என்று வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கும்போது எப்படி விளங்கப்படுத்துவது?

வீட்டுக்கு வந்து, ளுஹர் தொழுதுவிட்டுப் படுத்தேன். இப்போதெல்லாம் களைப்பு வருகிறது, தூக்கம் வருவதில்லை. எழுந்து வீட்டுச் செலவுக் கணக்கை எழுதி முடித்தேன். பேனை கையிலேயே இருந்தது. உங்களுக்கு எழுதலாம் என்று பட்டது. இந்தக் கடதாசி உங்களிடம் வந்து சேராது என்பது தெரியும். மண்ணறையில் உங்களுக்கு வந்து சேர வேண்டியது துஆ, என் வேண்டுதல்தான். அதை ஐந்து வேளையும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். இதை எனக்காக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நீங்கள் மாப்பிள்ளையாக மருதமுனைக்கு வந்தபோது கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே சாரமும் சட்டையும். அவற்றுக்கு அடியில் மின்னோட்டம் பார்க்கும் ஒரு மீற்றரும் ஈயம் பற்றவைக்கும் கோலும். வரிப்பத்தான்சேனைப் பக்கம் நெல் ஆலையில் சின்ன வயதிலிருந்தே வேலைக்கு நின்றவர் நீங்கள். ஆலைக்காரரின் பழுதான றேடியோவைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டவர். நம் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேர்கிறவர். எல்லா ஆண்களும் அப்படித்தான் வந்தார்கள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். "புள்ள, உன்ட சுவர்ல ஒரு ஆணி அடிக்கட்டா?" என்று கேட்பீர்கள். பகிடி போலத்தான் கேட்பீர்கள். ஆனால் கேட்காமல் ஒருநாளும் அடித்ததில்லை.

அந்த வீட்டில் உங்களுடையது என்று நீங்கள் நினைத்தது இரண்டே இரண்டு: முன்னறையில் போட்ட மேசை, உங்கள் காது. றேடியோவைக் கொண்டுவந்து வைப்பவர் குறையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் நீங்கள் அதை முடுக்கிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பீர்கள். "ஸ்பீக்கர் கிழிஞ்சிரிக்கி" என்பீர்கள். திறந்து பார்த்தால் கிழிந்திருக்கும். கல்முனைக் கடைகளில்கூட "அவர்ர காது" என்று கதைப்பார்களாம். அதைக் கேட்டுவிட்டு வந்த நாளெல்லாம் நீங்கள் சோற்றுக் கோப்பையை இன்னொரு தரம் நீட்டுவீர்கள்.

நான் முன்னறையை மறைத்த திரைக்கு இந்தப் பக்கம், உள்வீட்டில் இருந்தேன். பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். சாமான் சுற்றி வந்த பேப்பர்த் துண்டுகளில் நானாகப் படித்த எழுத்து என்னுடையது. அந்த எழுத்தில்தான் நீங்கள் ஒவ்வொரு றேடியோவுக்கும் துண்டு எழுதிக் கட்டச் சொன்னீர்கள்: இன்னாருடையது, இன்ன குறை. "குறையச் சரியா எழுதினா அரைவாசி வேலை முடிஞ்சுது" என்பீர்கள். பாட்டு, கூத்து எதுவும் என் காதில் விழக்கூடாது என்று உம்மா வளர்த்த பிள்ளை நான். திருத்திய றேடியோவைச் செய்தியிலோ குர்ஆன் ஓதும் கிறாஅத்திலோ வைத்துச் சோதிப்பீர்கள், எனக்காக.

உங்கள் காதைப் பற்றி முதன்முதலில் குறை சொன்னது பக்கத்து வளவு சுபைதா ராத்தா. தான் சொல்வது என்னவென்று அவவுக்கே தெரியாது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்கிற பள்ளிவாசல் ஒலிபெருக்கியை அப்போது நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். ஒருநாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "இஞ்சகா, உன்ட மனிசன் பாங்க ஊசியாக்கி எங்கட காதுக்குள்ள ஏத்துறாரு. தறியில நூல் அறுந்தா முடிச்சுப் போடுவன். காது அறுந்தா என்ன செய்யிற?" என்றா. நான் சிரித்துக்கொண்டு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். "அவக்குத் தறிச் சத்தத்துல காது பழுதாப் போயிற்று. பாவம்" என்றீர்கள்.

அந்த ஓகன் வந்தது எண்பதுகளின் நடுவில், நோன்புக்கு முந்திய மாதம். கல்முனையிலிருந்து அருளப்பு மாஸ்டர் சைக்கிள் கரியரில் ஒரு தலையணையைக் கட்டி, அதன்மேல் ஓகனை வைத்து, முழு வழியும் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். மடியில் வைத்து, கட்டைகளை அமத்தி வாசிக்கிற அளவான மின்சார ஓகன். மச்சான்காரர் குவைத்திலிருந்து அனுப்பியதாம். கிறிஸ்தவக் கோயிலில் பாட்டுக்கு வாசிக்கிறவர் மாஸ்டர்.

"காக்கா, இது பாடுறத விட்டுட்டு ஊமைப் பாஷை கதைக்குது" என்று அவர் உங்களை அண்ணன் முறை வைத்துச் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. "ஞாயிற்றுக்கிழமை அக்காட மகள்ர கல்யாணம். இது பாடாட்டி அக்கா என்னைப் பாடச் சொல்லுவா. நான் பாடினா மாப்பிள்ளை எழும்பிப் போயிருவான்."

"எங்க வச்சிருந்தீங்க மாஸ்டர்?"

"சாப்பாட்டு அலுமாரிக்கு மேல."

"அப்ப எறும்புக்கு மேல்மாடி கட்டிக் குடுத்திரிக்கீங்க."

அவர் போன பிறகு நான் திரையை விலக்கிக்கொண்டு வந்தேன். "இந்தச் சாமான் வீட்டுக்குள்ள இரிக்கக்குள்ள மலக்குமார் வருவாங்களா?" என்று கேட்டேன். பாட்டுச் சாமான் இருக்கிற வீட்டுக்கு வானவர்கள் வரமாட்டார்கள் என்ற உண்மையான பயத்தோடுதான் கேட்டேன். நீங்கள் பின்மூடியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "பழுதான சாமான்தானே புள்ள. பாடாத வரைக்கும் இது பலகைதான்" என்றீர்கள். நான் துண்டை எழுதிக் கட்டினேன்: மாஸ்டர், ஓகன், சில கட்டைகளில் சத்தமில்லை.

திறந்தால் உள்ளே எறும்பு குடித்தனம் நடத்திய அடையாளம் கிடந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே றப்பரில் ஒரு சின்னக் கொப்புளம், கொப்புளத்துக்குள் ஒரு கறுப்புப் பொட்டு. கட்டையை அமத்தினால் அந்தப் பொட்டு கீழே மின் பலகையிலுள்ள கறுப்புக் கோட்டில் போய்த் தொடும். தொட்டால் சத்தம், தொடாவிட்டால் இல்லை. இடையில் எறும்புக் காலோ உப்புக் காற்றின் ஊத்தையோ இருந்தால் கட்டை ஊமை. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தீர்கள். கூடிப் போனால் கறுப்பே கழன்று வந்துவிடும் என்றீர்கள். பலகையை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தீர்கள். வீடெல்லாம் அந்த மணம்.

கட்டைகள் பெரும்பாலும் திரும்பின. நடுவில் ஒன்று மட்டும் திரும்பவில்லை. அப்போது நீங்கள் எப்போதும் செய்வதைச் செய்தீர்கள். ஊமைக் கட்டையின் றப்பரை எடுத்து, கதைக்கிற கட்டைக்குக் கீழே வைத்தீர்கள்; அதனுடையதை இதற்கு வைத்தீர்கள். "குறை றப்பரோட போகுதா, பலகையோட நிக்குதா எண்டு பாரு. ஒரு நேரத்துல ஒண்டத்தான் மாத்தணும். எல்லாத்தையும் ஒண்டா மாத்தினா ஒண்டும் விளங்கா" என்றீர்கள். குறை பலகையோடு நின்றது. மயிர்போல ஒரு வெடிப்பு. மெல்லிய கம்பி வைத்து ஈயம் பற்றவைத்தீர்கள். அந்தக் கட்டையும் கதைத்தது.

மிஞ்சியது வலது ஓரத்துக் கட்டைகள், ஒரு கைப்பிடி அளவு. "மேல் கட்டைகள் செத்துக் கிடக்கு" என்றீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வந்த நேரம் தவிர, முழுநாளும் அவற்றோடு மல்லுக்கட்டினீர்கள். றப்பரை மாற்றினால் அந்த றப்பர் மற்ற இடத்தில் நன்றாகவே வேலை செய்தது. பலகையில் மீற்றரை வைத்தால் முள்ளு ஒழுங்காக ஓடியது. எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றீர்கள்.

நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. கிளாசில் கரண்டி தட்டியதுபோல, மெல்லியதாக, கூர்மையாக. நீங்கள் அமத்துகிற ஒவ்வொரு தடவையும் கேட்டது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. சங்கீதம் அறியாதவள், எனக்குக் கேட்கிற இந்தக் கிணுகிணுப்பு கணக்கில் சேராத ஏதோ ஒன்று, பாட்டுக்காரர்களுக்குத் தேவையான சத்தம் வேறே இருக்கும், அதுதான் வரவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காது கொடுத்துக் கேட்பதே பாவம் என்று வளர்ந்த எனக்கு, கேட்டதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சனிக்கிழமை பகல், ளுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட நேரம். ஊர் அடங்கிக் கிடந்தது. சுபைதா ராத்தாவின் தறியும் நின்றிருந்தது. நான் பிளேன்ரீ கொண்டுவந்தபோது ஈயக்கோல் சூடேறிக்கொண்டிருந்தது. உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம்.

"என்ன செய்யப் போறீங்க?"

"சத்தத்த உண்டாக்கிற ஐசிட கால்களச் சுட்டுப் பார்க்கப் போறன். அதுலதான் ஒரு கால் விட்டிரிக்கணும். வேற ஒண்டும் மிச்சமில்ல."

"பிழைச்சா?"

"பிழைச்சா முழு ஓகனும் முடிஞ்சுது. இத மாதிரி ஐசி கொழும்பிலயும் எடுக்கேலா." பிறகு, "மறுகா அந்த மனிசன்ட முகத்துல எப்பிடி முழிக்கிற?" என்றீர்கள்.

கோலை எடுக்கும் முன் கடைசியாக ஒருதரம் ஸ்பீக்கருக்குக் கிட்டக் காதை வைத்துக்கொண்டு, அந்த ஓரத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாக அமத்தினீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். கிண், கிண், கிண் என்று அறை முழுக்கக் கேட்டது. நீங்கள் நிமிர்ந்து, "கேட்டியா? ஒண்டுமில்ல" என்றீர்கள்.

அந்தக் கணத்தில்தான் சுபைதா ராத்தா சொன்னதும் இதுவும் ஒன்றாகச் சேர்ந்து எனக்கு விளங்கியது. பிளேன்ரீயை மேசையில் வைத்தேன். ஒரு பெண் தன் புருசனிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் படிப்பித்திருக்கவில்லை. நீங்கள் படிப்பித்தது ஒன்றுதான் இருந்தது.

"இஞ்ச பாருங்க. நீங்க றப்பர மாத்திப் பார்த்தீங்க. பலகைய மீற்றர் வச்சுப் பார்த்தீங்க. கேக்கிற ஆள மாத்திப் பார்க்கல்லயே."

"என்ன சொல்ற?"

"எனக்குக் கேக்குது. நீங்க அமத்துற எல்லாம் கேக்குது. நேத்தும் கேட்டது."

உங்கள் முகம் சிவந்தது. "நீ எப்பகா சங்கீதம் படிச்ச? உனக்குப் பாட்டுக்கும் பானை உருளுறதுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

நீங்கள் என்னோடு அப்படிக் கதைத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். "தெரியா. பானை உருண்டாலும் கேக்கும்" என்றேன்.

பிறகு ஈயக்கோலைத் தாங்கியில் வைத்தீர்கள். கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தீர்கள். "இடப்பக்கத்துல இருந்து ஒவ்வொண்டா அமத்திட்டு வா. எனக்குக் கேட்டா விரல் தூக்குறன்."

அதுவரை அப்படியொரு சாமானில் என் விரல் பட்டதில்லை. அல்லாஹ்வின் பெயர் சொல்லித் தொடங்கும் பிஸ்மியை இதற்குச் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறினேன். பிறகு மனதுக்குள் சொல்லிக்கொண்டு முதல் கட்டையை அமத்தினேன். மாடு கத்துவதுபோல ஒரு சத்தம். உங்கள் விரல் உயர்ந்தது. தொழுகை இருப்பில், அத்தஹிய்யாத்தில் உயர்த்துகிற அதே சுட்டுவிரல். அடுத்ததற்கும் உயர்ந்தது. அதற்கு அடுத்ததற்கும். நடுப்பகுதியைத் தாண்டும் வரை நான் அமத்துவதும் நீங்கள் உயர்த்துவதும் ஒன்றாகவே போயின. ஒருவேளை நான்தான் பிழையோ என்று எனக்கு ஆறுதல்கூட வந்தது. பிறகு விரல் கொஞ்சம் பிந்தி எழுந்தது. பிறகு பாதி எழுந்து நின்றது. வலது ஓரத்துக்கு வந்தபோது அது உங்கள் தொடையிலேயே கிடந்தது. நான் அமத்தினேன். கட்டை நன்றாகச் சத்தமிட்டது. விரல் அசையவில்லை.

"இப்ப அமத்துறியா?" என்றீர்கள், சுவரைப் பார்த்தபடி.

"ஓம்."

"இப்ப?"

"ஓம்."

என் ஓம் உங்களுக்குக் கேட்டது. கட்டை கேட்கவில்லை. கடைசிக் கட்டை வரை அப்படியே போனோம். நடுவில் நிறுத்திவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் நீங்கள் நிறுத்தச் சொல்லவில்லை.

நீங்கள் எழுந்து, ஈயக்கோலின் வயரை நீங்களே கழற்றினீர்கள். கிணற்றடிக்குப் போய்க் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்தீர்கள். அஸருக்குப் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுதீர்கள். தொழுத பாயிலேயே இருந்துகொண்டு சொன்னீர்கள்: "இனி உன்ட வீட்டுல சும்மா இரிந்து திங்கிற ஆளாப் போயிருவன்."

அதற்குச் சொல்ல நல்ல பதில் ஏதாவது இருந்திருக்கும். எனக்கு வந்தது இதுதான்: "நாளைக்கு விடிய மாஸ்டர் வருவாரு. பின்மூடியப் போடுங்க. நான் கேட்டுச் சொல்றன்."

போட முன் எல்லாக் கட்டைகளையும் நான் ஒருமுறை அமத்திப் பார்த்தேன். மேல் கட்டைகளில் ஒன்று கரகரத்தது. "இது மத்ததுகள் மாதிரி இல்ல. தொண்டையில சளி இரிக்கி" என்றேன். நீங்கள் றப்பரைத் தூக்கிப் பார்த்தீர்கள். பஞ்சு நூல் ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டீர்கள். "இப்ப?" "இப்ப சரி." உங்கள் முகத்தில் ஏதோ கொஞ்சம் இளகியது. திருகுகளை இறுக்காமல், கட்டை சிக்கிவிடாத அளவுக்கு மட்டும் முடுக்கினீர்கள்.

மாஸ்டர் விடிந்ததும் வந்தார். திரைக்குப் பின்னால் நின்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரலை ஓடவிட்டார். நீங்கள் ஓகனைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "தங்கம்! மேல் கட்டையெல்லாம் தங்கம் காக்கா! சும்மாவா சொல்றாங்க உங்கட காதைப் பற்றி" என்றார்.

நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது. ஊருக்கும் தெரியாது. நான் அதைத்தான் வேண்டி நின்றேன்.

"மேல் கட்டை எனக்குக் கேக்காது மாஸ்டர்" என்றீர்கள். "அது வீட்டுல கேட்டுச் சொன்னது."

"ஆ? அவங்களுக்குச் சங்கீதம் தெரியுமா?"

"தெரியா. காது கேக்கும்."

மாஸ்டர் சிரித்தார், பகிடி என்று நினைத்து. பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார். திரையின் பக்கம் திரும்பி, "நன்றி தங்கச்சி" என்றார். நான் எச்சில் விழுங்கிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்தேன்.

அன்று பின்னேரம் நீங்கள் என்னிடம், "பாங்கு எப்பிடிக் கேக்குது?" என்று கேட்டீர்கள். "கொஞ்சம் குத்துது" என்றேன். உங்கள் காதுக்கு எட்டும்வரை ஏற்றி வைத்திருந்த ஒலிபெருக்கியின் கூர்மையை மறுநாள் போய்க் குறைத்துவிட்டு வந்தீர்கள். சுபைதா ராத்தா, "உன்ட மனிசனுக்கு இரக்கம் வந்திட்டுதுகா" என்றா.

அதற்குப் பிறகு மேசை மூடப்படவில்லை. றேடியோவை நீங்கள் முடுக்குவீர்கள். நான் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பலகை மறிப்பில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டென்றால் இரைச்சல். டொக்டரிடம் காட்டியபோது, ஆலைச் சத்தம் சின்ன வயதிலேயே நரம்பைத் தின்றுவிட்டது, திரும்பாது என்றார். திரும்பவில்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டையாக அணைந்துகொண்டே வந்தது. கடைசிக் காலத்தில் என் ஓமும் உங்களுக்குக் கேட்கவில்லை.

பொய் சொல்ல மாட்டேன், களைத்துப் போனேன். ஒரு சொல்லை மூன்று தடவை கத்தி, நான்காம் தடவை கையால் காட்டி, என் தொண்டையும் கையும் ஓய்ந்த நாட்கள் உண்டு. நீங்களும் களைத்துப் போனீர்கள், கேட்காததைக் கேட்டதுபோலத் தலையாட்டி. ஆனாலும் பின்னேரங்களில் வாசலில் கதிரையைப் போட்டு, "இப்ப என்ன கேக்குது?" என்று கேட்பீர்கள். நான் உங்கள் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவேன். சைக்கிள் மணி. சோற்றுப் பானை மூடி. பெயர் தெரியாத ஒரு சின்னக் குருவி. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்பீர்கள், கேட்டுவிட்டதுபோல.

நேற்று மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு தஸ்பீஹ் மணியோடு இருந்தேன். காதுக்குக் கிட்ட ஒரு நுளம்பு வந்தது. அதன் சத்தம் உங்களுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. அது உங்கள் கழுத்தில் உட்கார்ந்து கடிப்பதற்குள் நான்தான் சொல்ல வேண்டும்.

"நுளம்பு" என்றேன், வாய்விட்டு.

நம் மகள் உள்ளேயிருந்து, "யாருக்கும்மா சொல்றீங்க?" என்று கேட்டாள்.

என் விரல் என் உள்ளங்கையில் அந்தச் சொல்லைப் பாதிவரை எழுதியிருந்தது.